மூன்றாம் திரையின் இடைவேளை

ஆனேக்கல்
27 அக்டோபர் 2025

ஜூலியா அவர்களுக்கு,

ஹம்சா மல்டிபிளெக்ஸ் புரொஜெக்டர் அறையிலிருந்து நாகேஷ் எழுதுகிறேன். இனி என்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிச் சபதம் செய்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதை மதிக்கிறேன். ஆனால் சபதம் பேச்சைப் பற்றியது மட்டும்தான், கடிதத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை என்று உங்கள் கொழுந்தனார் கிளெமென்ட் உறுதி செய்தார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ஹம்சாவை மூடுகிறார்கள். நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, காலைப் பத்தரை மணிக் காட்சி கடைசி. கட்டடத்துக்கு வயதாகிவிட்டதாம். இருபத்தொரு வயது. இந்த ஊரில் இருபத்தொரு வயதில் வேலை கிடைக்காமல் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். இடித்தே போடுவது இதுதான் முதல் தடவை.

பாம்பே தலைமை அலுவலகத்தில் பிராண்ட் பிரிவில் அதிதி என்று ஒரு பெண் இருக்கிறார். ஹம்சாவின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொல்கிறார். மூன்று நிபந்தனைகள்: மகிழ்ச்சியாக இருக்க வேண்டும், ஆட்களின் பெயர் வரக்கூடாது, மூடுகிறோம் என்ற செய்தி வரக்கூடாது. அப்படி எழுதப்பட்ட வரலாறுகளை அல்சூர் நூலகத்தில் அலமாரி அலமாரியாகப் படித்திருப்பதால் முடியாது என்று சொல்லவில்லை.

முதல் பத்தி எழுதிவிட்டேன். 2004. நாலு பக்கமும் கேழ்வரகு வயல். கல் குவாரி கிருஷ்ணப்பா நாலு திரை கட்டுகிறார். ஏன் நாலு என்று கேட்டவர்களுக்கு, "ஒண்ணுல படம் ஓடலைன்னா அடுத்ததுல ஓடும்ல?" என்றார். திறப்பு நாளில் எஸ்கலேட்டரைப் பார்த்துப் பயந்த ஜனங்களை, அவரே கீழே நின்று கையைப் பிடித்து ஒவ்வொருவராக ஏற்றிவிட்டார். பெயர் போடக்கூடாது என்பதால் இப்போது அந்த எஸ்கலேட்டரில் எல்லோரும் தாங்களாகவே ஏறுகிறார்கள்.

கேன்டீன் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருபத்தொரு வருடமாக நான் பார்த்ததெல்லாம் தலைகளின் பின்பக்கம். முகங்களைப் பார்த்தது நீங்கள். நாலு வரி எழுதி அனுப்பினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
நாகேஷ்


விவேக் நகர்
3 நவம்பர் 2025

நாகேஷ் சாருக்கு,

கிளெமென்ட் எனக்குக் கொழுந்தன். வக்கீல் இல்லை. அவனுடைய பேக்கரியில் வேலை செய்கிறேன் என்பதற்காக என் சபதத்துக்கு அவன் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லைதான். அதனால் பதில்.

கேன்டீன் வரலாறு கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

2012 ஜூலை 14, சனிக்கிழமை. வெளிநாட்டுப் படங்களில் இடைவேளை கிடையாது. எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்வது நீங்கள். வெள்ளிக்கிழமை முதல் காட்சி பார்த்துவிட்டு, நாலு திரைக்கும் இடைவேளை நேரத்தைக் கவுண்டர் பக்கத்துப் போர்டில் எழுதுவீர்கள். இரண்டு திரைக்கும் நடுவே பதினைந்து நிமிடமாவது இருக்கும். பைபிளுக்கு அடுத்து நான் நம்பியது அந்தப் போர்டைத்தான்.

அன்றைக்கு மூன்றாம் திரைக்கு 7.40 என்று எழுதியிருந்தீர்கள். நான் ஏழரைக்கு பஃப்ஸை ஓவனில் வைத்தேன். 7.40க்கு ஒருவரும் வரவில்லை. 7.55க்கு இரண்டாம் திரை விட்டது. 7.58க்கு நீங்கள் மூன்றாம் திரையை விட்டீர்கள். இரண்டு ஹால் கூட்டம், ஒரு கவுண்டர். கண்ணாடி அலமாரி சாய்ந்தது, கொதிக்கிற பால் என் இடது கையில். உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்டர்காம் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதைக்கூட விட்டுவிடுவேன். விசாரணையில் உங்கள் லாக் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். இடைவேளை 7.40 என்று இருந்தது. உங்கள் கையெழுத்து. ஆக மிஷின் சரி, புத்தகம் சரி, கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியாதவள் நான். மெமோ கொடுத்து வேறு கிளைக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் வேலையை விட்டேன்.

இதை மகிழ்ச்சியாக எழுத முடிந்தால் எழுதுங்கள். என் பெயர் வராமல் பார்த்துக்கொள்வது உங்களுக்குப் பழக்கம்தான்.

ஜூலியா


ஆனேக்கல்
8 நவம்பர் 2025

ஜூலியா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். பதினெட்டு நிமிடம் தாமதத்துக்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் படத்தில் காணாமல் போன மகன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். தாய் எழுந்து வருகிறாள். போர்டில் எழுதியபடி என்றால் அவள் தாழ்ப்பாளில் கை வைக்கும்போது நிறுத்த வேண்டும். தாழ்ப்பாளுக்கும் அவள் முகத்துக்கும் நடுவே பஃப்ஸை நுழைக்க எனக்குக் கை வரவில்லை. லாக் புத்தகத்தைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தில் இடமில்லை.

வேறு விஷயம். பின்னால் இருக்கும் லேஅவுட்டில் சரளா மேடம் என்று ஒரு வக்கீல். செவ்வாய்க்கிழமை தவறாமல் மூன்றாம் திரைக்கு வந்து, படம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். 2004இல் கிருஷ்ணப்பா லேஅவுட்காரர்களிடம் வழி கேட்டபோது எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை அவர் தேடி எடுத்திருக்கிறார். வழி விட்டால், இந்த இடத்தில் இருபத்தைந்து வருடம் ஒரு சினிமா திரையாவது பொதுமக்களுக்கு ஓடும். இன்னும் நாலு வருடம் பாக்கி. கிருஷ்ணப்பாவிடமிருந்து வாங்கிய கம்பெனி வழியை வைத்துக்கொண்டது, வாக்கை மறந்துவிட்டது. கேஸ் போட்டாயிற்று. விசாரணை நவம்பர் 28, பிற்பகல் மூன்று மணிக்கு.

சிக்கல் என்னவென்றால், கடைசிக் காட்சி 12.50க்கு முடிகிறது. காட்சி முடிந்ததும் சாவியை, இடித்துக் கட்டப்போகும் பில்டரின் ஆளிடம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. சுத்தியலோடு ஆட்கள் வாசலிலேயே நிற்பார்கள். மூன்று மணிக்கு ஜட்ஜ் கேஸ் கட்டைப் பிரிக்கும்போது இங்கே நாற்காலி இருக்காது. இல்லாத தியேட்டரைக் காப்பாற்றச் சட்டத்தில் வழியில்லை என்கிறார் சரளா மேடம்.

எனவே காட்சி முடியக்கூடாது. உங்களை மாற்றிய இரண்டாவது மாதம் கம்பெனி ஒரு சுற்றறிக்கை விட்டது. எண் 17. "கவுண்டரில் வரிசை இருக்கும்வரை இரண்டாம் பாதியைத் தொடங்கக்கூடாது." உங்கள் கை வெந்ததால் வந்த சுற்றறிக்கை. வியாபாரத்துக்கும் நல்லது என்பதால் இன்றுவரை ரத்து செய்யவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

கேன்டீனை வெளியே சொல்லாமல் மூடிவிட்டார்கள். கடைசிக் காட்சிக்கு இடைவேளையே இல்லை என்று பாம்பேயிலிருந்து கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார்கள். ஆனால் இங்கே மிஷினை நிறுத்தும் பொத்தான் இன்னும் என் கையில் இருக்கிறது. பஃப்ஸ் சப்ளைக்கும் கவுண்டருக்கும் கிளெமென்டின் கான்ட்ராக்ட் முப்பதாம் தேதிவரை இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: கவுண்டரில் நின்று, ஒரு வரிசையை மூன்று மணிக்கு மேலும் தீராமல் வைத்திருக்கக்கூடிய ஒருவர்.

எனக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. வேறு கிளையில் எனக்கு நாற்காலி இருக்கிறது. அங்கே இடைவேளையைக் கம்ப்யூட்டர் போடும், நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கார்மென்ட்ஸ் ஃபேக்டரிப் பெண்கள் நடந்து வந்து படம் பார்க்க இந்தப் பக்கத்தில் வேறு திரை கிடையாது. காரில் வருகிறவர்களுக்கு எங்கேயும் இருக்கிறது.

நாகேஷ்


விவேக் நகர்
13 நவம்பர் 2025, வியாழன்

நாகேஷ் சாருக்கு,

இடமில்லை என்று எழுதிவிட்டு அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். என் வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

ஒரு ஹால் கூட்டத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் சாப்பிட வைத்து உள்ளே அனுப்பியவள் நான். அப்படி இன்னொருத்தி அந்தக் கவுண்டரில் நின்றதில்லை. என்னை மெதுவாக வேலை செய்ய வரச் சொல்கிறீர்கள். கையில் பால் கொட்டியதைவிட இது பெரிய அவமானம்.

கார்மென்ட்ஸ் பெண்களைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். நாலு பேர் ஒரு பஃப்ஸ் வாங்குவார்கள், டிஷ்யூ மட்டும் நாலு கேட்பார்கள். கடைசி பஸ்ஸுக்காக இடைவேளையிலேயே கிளம்பிவிடுவார்கள். அடுத்த வாரம் வந்து, "அக்கா, கடைசியில அவன் செத்தானா இல்லியா?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் ஒரு படமும் பார்த்தவள் இல்லை. இன்டர்காமில் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்வேன். நீங்களும் முடிவை மட்டும் சொல்ல மாட்டீர்கள், முதல் காட்சியிலிருந்து ஆரம்பிப்பீர்கள். எட்டு வருடம் அந்த இன்டர்காமை அதற்குத்தான் வைத்திருந்தோம். அதைத்தான் நீங்கள் அன்றைக்கு எடுக்கவில்லை. கை ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

வருகிறேனா இல்லையா என்பது உங்கள் கையில். அந்தப் பழைய லாக் புத்தகத்தை எடுங்கள். சரியான நேரத்தைப் பேனாவால் எழுதுங்கள். யார் தப்பு என்று எழுதுங்கள். கையெழுத்துப் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம். உங்கள் காரணங்களெல்லாம் அழகாக இருக்கின்றன, படிக்கிறவர்களுக்கு என் கை மறந்துவிடும்.

ஜூலியா


ஆனேக்கல்
18 நவம்பர் 2025

ஜூலியா அவர்களுக்கு,

ஜெராக்ஸ் இத்துடன் இருக்கிறது. மங்கலாக இருந்தால் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

"14.7.2012, மூன்றாம் திரை, மாலைக் காட்சி. இடைவேளை விட்ட நேரம் 7.58. முன்பு 7.40 என்று எழுதியது பொய். எழுதியவன் நான். நேரம் மாறியதைக் கவுண்டருக்குச் சொல்லவில்லை. கேன்டீன் பொறுப்பாளர் ஜூலியா மீது எந்தத் தவறும் இல்லை. நாகேஷ், 15.11.2025."

காரணம் எழுதக்கூடாது என்றீர்கள். ஒரு சொல் மட்டும் அனுமதியுங்கள்: பயம். அதைவிட மரியாதையான சில காரணங்கள் கைவசம் இருந்தன. எதையும் போடவில்லை.

அதே பக்கத்தை, ஹம்சாவின் வரலாறு என்று தலைப்பிட்டு அதிதிக்கும் அனுப்பினேன். இதைக் கொஞ்சம் பாசிட்டிவாக மாற்ற முடியுமா என்று கேட்டு பதில் வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த பாசிட்டிவான காரியம் இதுதான், இதற்கு மேல் மாற்ற முடியாது என்று எழுதினேன். பிறகு டியூட்டி மேனேஜர் தேஜஸ் வந்தார். நல்ல பிள்ளை, மிரட்டும்போதுகூட ப்ளீஸ் போடுவார். "சார், பழைய ரெக்கார்டைத் திருத்தியதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கு, ப்ளீஸ் கையெழுத்துப் போடுங்க." போட்டேன். பொய் எழுதியபோது பதின்மூன்று வருடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

வருவதானால், இடைவேளை எத்தனை மணிக்கு என்று நீங்களே சொல்லுங்கள். நான் அப்படியே விடுகிறேன்.

நாகேஷ்


விவேக் நகர்
22 நவம்பர் 2025

நாகேஷ் சாருக்கு,

ஜெராக்ஸ் தெளிவாக இருக்கிறது.

கிளெமென்டின் வேன் 11.05க்கு வரும். ஓவன் சூடாக வேண்டும், பஃப்ஸை அடுக்க வேண்டும். 11.42. அப்போது யார் எந்தக் கதவைத் திறந்துகொண்டிருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

பார்க்கிங்கில் வண்டியை நிறுத்த ஒருவரும் தகராறு செய்யக்கூடாது. தேஜஸிடம் ப்ளீஸ் போட்டுச் சொல்லிவையுங்கள்.

நான் பேச மாட்டேன். நினைவிருக்கட்டும்.

ஜூலியா


ஆனேக்கல்
29 நவம்பர் 2025

ஜூலியா அவர்களுக்கு,

நேற்று நீங்கள் பேசவில்லை. நானும் கீழே வரவில்லை. நான் கீழே இறங்கினால் யாராவது மேலே ஏறி மிஷினைப் போட்டுவிடுவார்கள் என்பதால் அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனவே என் பக்கத்துச் செய்திகளைச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன 11.42 என்ன இடம் தெரியுமா? கதாநாயகி கதாநாயகனைப் பார்த்து, "இத்தனை வருஷமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு..." என்கிறாள். அந்த 'னு'வில் நிறுத்தி விளக்கைப் போட்டேன். இருபத்தொரு வருடத்தில் இவ்வளவு அசிங்கமான இடைவேளையை நான் விட்டதில்லை. அதில் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நான் பார்த்துப் பார்த்து நிறுத்திய இடங்களிலெல்லாம் பத்துப் பேராவது நிறைவாக எழுந்து போய்விடுவார்கள். நேற்று அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாமல் யாருக்கும் போக மனமில்லை. என் தொழிலைப் பற்றி இவ்வளவு தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

12.20க்கு தேஜஸ் கதவைத் தட்டினார். "சார், செகண்ட் ஹாஃப் எப்போ சார்?" சுற்றறிக்கை 17ஐக் கதவுக்குக் கீழே தள்ளினேன். வெளியே நின்று சத்தமாகப் படித்தார். பாம்பேக்குப் போன் போட்டார். சுற்றறிக்கையை அனுப்பச் சொன்னார்கள். அவர்கள் அனுப்பிய சுற்றறிக்கையை அவர்களுக்கே அனுப்பினார். ரெண்டு மணிக்குத் திரும்பி வந்து, "சார், வரிசை இன்னும் இருக்கு சார்" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததாக எனக்குத் தோன்றியது.

சரளா மேடம் கோர்ட்டில் நடந்ததைச் சொன்னார். கம்பெனி வக்கீல் எழுந்து, தியேட்டர் ஏற்கெனவே மூடியாயிற்று, கேஸில் ஒன்றும் இல்லை என்றார். இவர், காட்சி இன்னும் முடியவில்லை என்றார். காலைப் பத்தரைக் காட்சியா என்று ஜட்ஜ் கேட்டார். ஆமாம், இன்டர்வல் நடக்கிறது. ஜட்ஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. "இன்னூ இன்டர்வலா?" என்றார். பிறகு ஒப்பந்தத்தை வாங்கி முழுவதும் படித்தார். ஜனவரி 19 வரை எதையும் தொடக்கூடாது என்று தடை கொடுத்துவிட்டார். எதையும் என்றதால் இரண்டாம் பாதியையும் நான் தொடவில்லை. சாவி என்னிடமே இருக்கிறது. நோட்டீஸும் இருக்கிறது, இப்போது இரண்டாகிவிட்டது.

நாகேஷ்


விவேக் நகர்
2 டிசம்பர் 2025

நாகேஷ் சாருக்கு,

உங்களுக்குத் தெரியாத பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதல் அரை மணி நேரம் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே நாற்பது பேரை அனுப்பிவிட்டேன். வரிசை பாதியாகிவிட்டது. பயந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் கதை கேட்க ஆரம்பித்தேன். படத்தில் இதுவரை என்ன நடந்தது என்று சொன்னால்தான் பஃப்ஸ். லீவு போட்டு வந்திருந்த கார்மென்ட்ஸ் பெண்கள் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். இப்போது சூப்பர்வைசராம். "அக்கா, நாங்கதான் வாரா வாரம் உங்ககிட்ட முடிவு கேட்போம், நீங்க ஆரம்பம் கேக்குறீங்களே!" என்றாள். வாங்கினவர்களெல்லாம் தின்றுவிட்டு மறுபடியும் கடைசியில் போய் நின்றார்கள். சரளா மேடத்தின் லேஅவுட்காரர்கள் மூன்று சுற்று வந்தார்கள். சர்க்கரை இருக்கிறவர்கள்கூட.

ஒன்றரை மணிக்கு வாசலில் சுத்தியலோடு உட்கார்ந்திருந்த ஆட்களுக்குப் பசி எடுத்துவிட்டது. ஒன்பது பேர். உள்ளே வந்து மரியாதையாக வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய மேஸ்திரி ஓடி வந்து, ஏன்டா இங்கே நிற்கிறீர்கள் என்று கன்னடத்தில் கத்தினார், "யாக்ரோ இல்லி நிந்திதீரா?" அவர் வரிசை தீரத்தான் காத்திருக்கிறார், அவர் ஆட்களே வரிசை. கடைசியில் அவரும் நின்றார். முட்டை பஃப்ஸ் இரண்டு. மிச்சச் சில்லறையை நான் மிக மிக மெதுவாகத் தேடினேன்.

மூன்று மணிக்குப் பிறகு நிஜமாகவே ஆள் குறைந்துவிட்டது. எல்லோருக்கும் வயிறு நிரம்பிவிட்டது. ஒரு கட்டத்தில் என் எதிரே ஒரே ஒருவர். அவரையும் அனுப்பினால் வரிசை இல்லை. தலை நிமிர்ந்து பார்த்தால் தேஜஸ். டையைத் தளர்த்திக்கொண்டு நின்றார். "மேடம், எனக்கு எதுவும் வேண்டாம். நான் இன்னும் முடிவு பண்ணிட்டிருக்கேன், ப்ளீஸ்" என்றார். நாற்பது நிமிடம் முடிவு பண்ணினார். சரளா மேடத்தின் போன் வந்த பிறகு ஒரு டீ குடித்தார். இதை உங்கள் வரலாற்றில் பெயரோடு எழுத வேண்டாம். அவருக்குப் பாம்பேயில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மற்ற எல்லோர் பெயரையும் எழுதுங்கள். கிருஷ்ணப்பா பெயரை முதலில்.

லாக் புத்தகத்தின் அந்த நாள் பக்கத்தை தேஜஸ் போனில் காட்டினார். இடைவேளை ஆரம்பம் 11.42 என்று எழுதி, முடிவு என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். நல்லது. இந்த முறை அந்தப் புத்தகத்தில் பொய் இல்லை.

ஜனவரி 19 அன்று ஜட்ஜ் என்ன சொன்னாலும், அந்தப் படத்தின் இரண்டாம் பாதியை ஒரு நாள் நீங்கள் போட்டே ஆக வேண்டும். இத்தனை பேர் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நானும் உள்ளே உட்கார்ந்து பார்க்கப் போகிறேன், அவள் என்ன சொல்கிறாள் என்று. அதற்கு முன்னால் ஓவனைச் சூடாக்க எனக்கு அரை மணி நேரம் வேண்டும். நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். மாற்றினால் மாற்றியதையும் சொல்லுங்கள். கடிதம் வேண்டாம், வந்து சேர இரண்டு நாள் ஆகிறது, பஃப்ஸ் ஆறிவிடும்.

பழைய நம்பர்தான். போன் செய்யுங்கள்.

ஜூலியா